காலித் பாய் கை வைத்த மெஷின்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் காலித் பாயின் கடை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். ஆள் கடையில் இருப்பாரா என்று கேட்டால்தான் சிரிப்பார்கள். பழைய டிரம்மும் மோட்டாரும் அடைத்துக் கிடக்கும் அந்தப் பொந்தில் அவருக்கே உட்கார இடம் கிடையாது. அவருடைய பிழைப்பெல்லாம் மாட்டுங்காவிலும் செம்பூரிலும்தான். அடுத்தவர் வீட்டுக் குளியலறை வாசலில், ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறார்.

கடையநல்லூரிலிருந்து பம்பாய்க்கு வந்தபோது அவருக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவரின் தோல் பைப் பட்டறையில் சேர்ந்தார். அந்த நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் ஓடி, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் ஒட்டிக்கொண்டார். வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் நுழைந்த காலம் அது. நுழைந்த வேகத்தில் பழுதாகவும் செய்தது. கம்பெனியிலிருந்து வருகிற ஆள் மூடியைத் திறக்காமலே, ‘போர்ட் கயா’, போர்டு போச்சு என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விடுவான். காலித் அப்படியில்லை. என்ன பழுது, ஏன் வந்தது, இனி வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று மாமிகளுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுவார். கேட்டுக்கொண்டிருக்கிற மாமி பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மிச்சத்தைக் கேட்பாள். ஒரு வீட்டு மாமி அடுத்த வீட்டு மாமிக்குச் சொல்ல, வேறு விளம்பரம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அவர் வேலை பார்க்கிற விதம் ஒன்று உண்டு. வந்ததும் பையைத் திறக்கமாட்டார். மெஷினை ஓடவிட்டு, மூடியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு பக்கவாட்டில், பின்னால், அடியில் என்று தடவிக்கொண்டே போவார். பேரிங் தேய்ந்திருந்தால் ஒரு அதிர்வு, பெல்ட் தளர்ந்திருந்தால் ஒரு அதிர்வு, பம்பில் ஏதாவது சிக்கியிருந்தால் வேறொன்று. மீட்டர் வைத்துப் பார்ப்பதெல்லாம் அப்புறம், கை சொன்னது சரிதானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளத்தான். “காலித் பாய் கை வச்சா மெஷின் வாயைத் திறந்து சொல்லிடும்” என்று செம்பூரில் ஒரு பேச்சே இருந்தது. அவருக்கும் அதில் ரகசியமாக ஒரு கர்வம்.

அந்தக் கைதான் சந்தேகத்துக்கு இடமாகிப் போனது.

செம்பூரில் வாலாம்பாள் மாமியின் வீடு, ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். மாமியின் கணவர் பஞ்சாபகேசன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிடையரானவர், காலித்தை எதிரே உட்கார வைத்துப் பேப்பரில் வந்த அரசியலையெல்லாம் அலசுகிற மனிதர். அவர் போய் இரண்டு வருஷமாகிறது. மகன் வேலை விஷயமாகப் பாதி மாதம் வெளியூரில். மருமகள் சுஷ்மா காலையில் ஆபீஸுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். பகல் முழுக்க மாமி தனியாள்.

போன வருஷம் காலித்தின் மனைவி நூர் நிஷா இறந்துபோனாள். கிட்னி. விஷயம் எப்படியோ தெரிந்து முதலில் வந்த போன்களில் ஒன்று வாலாம்பாள் மாமியுடையது. “காலித், நான் என்னடாப்பா சொல்லுவேன்” என்று ஆரம்பித்தவள் மேலே பேசமுடியாமல் அழுதாள். காலித்தும் அழுதார். மய்யித்தை அடக்க வந்த ஆண்களுக்கு நடுவே கல்லாக நின்றுகொண்டிருந்த மனிதருக்கு அந்தப் போனில்தான் அழ வந்தது. அதை அவர் மறக்கவில்லை.

நூர் நிஷா போன பிறகு கையில் ஒரு மரமரப்பு. சில நாள் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால் லேசாக நடுங்கும். டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை, துக்கம் என்றார். துக்கத்துக்கு மாத்திரை எழுதித் தந்தார். மகள் சஃப்ரீன் கல்யாணமாகி நெருளில் இருக்கிறாள். மருமகன் ராஹிலுக்கு அங்கே மொபைல் கடை. வந்து கல்லாவில் உட்காருங்கள், போதும் என்று இரண்டு பேரும் அவரைப் பிடுங்கியெடுத்தார்கள். “கை ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா. வேல நிக்கிறப்போ நானே கடைய மூடிட்டு வாரேன்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அந்தத் தொழிலை விட்டால் பகலில் நூர் நிஷாவை நினைக்காமலிருக்க அவருக்கு வேறு வழியில்லை.

இந்த மழைக்காலம் தொடங்கின சமயத்தில் சுஷ்மா போன் பண்ணினாள். மெஷினில் தண்ணீர் வடியவில்லை. காலித் போனார். மாமி வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள்.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். எலும்பு கூடிடுத்து, ஆனா பிழியற பலம் போயிடுத்து. இதுநாள்வரை என் புடவையை நானே நனைச்சு நானே ஒணத்துவேன். இப்போ எல்லாத்துக்கும் இந்த மெஷின்தான் எனக்குக் கதி, கேட்டயோ.”

“நா இருக்கேன்லா மாமி. ஏன் வெசனப்படுதிய?”

கையை வைத்தார். பம்ப் முக்கிக்கொண்டு சுற்றுவது தெரிந்தது. கழற்றினால் உள்ளே ஒரு ஊக்கு. எடுத்துப்போட்டு, ஒரு தடவை முழுக்க ஓட்டிக் காட்டி, மாமி தந்த காபியைக் குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் சுஷ்மாவின் போன். மெஷினில் விளக்கெல்லாம் தானாக எரிந்து அணைகிறதாம், பட்டனை அழுத்தினால் கேட்பதில்லையாம். காலித் ஓடினார். மூடிக்குப் பின்னால் பட்டன்கள் இருக்கிற பேனலைத் திறந்தால் போர்டில் ஈரம். துடைத்து, ஹேர் டிரையரால் காய வைத்தார். மெஷின் சமர்த்தாக ஓடியது. மழைக்காலத்துக் காற்று, வேறென்ன என்று நினைத்துக்கொண்டார். அடுத்த நாளே மறுபடி நின்றது. புது போர்டு கிடைக்க நாலைந்து நாளானது, அதுவரை மெஷின் அப்படியே கிடந்தது. இந்தத் தடவை போர்டையே மாற்றினார். கழற்றிய பேனலின் உட்பக்கம் மேலிருந்து கீழாக வெள்ளை வெள்ளையாக நீர்த்தாரை. கூரையைப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. அருகில் குழாய் இல்லை, ஏசி இல்லை.

“மேல தண்ணி பட்டிருக்கு மாமி. யாராச்சும் ஈரத் துணி, வாளி ஏதாவது வைக்காங்களா?”

“மழைக்காலமோன்னோ. ஈரமில்லாத எடம் எது?” என்று சொல்லிவிட்டு மாமி அடுக்களைக்குள் போய்விட்டாள். பால் பொங்குகிறதாம். காலித்துக்குப் பால் வாசனையே வரவில்லை. ஆனால் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய சந்தேகமெல்லாம் தன் கை மேலேயே இருந்தது. பேனலின் ரப்பர் பட்டையை இந்த நடுங்கும் விரல் சரியாக உட்கார வைக்கவில்லை போலிருக்கிறது. எங்கிருந்தோ வருகிற ஈரத்துக்கு நானே வழி விட்டிருக்கிறேன். இப்படியாக மனிதர் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டார்.

புது போர்டும் மறுநாள் நின்றது.

சுஷ்மா கெட்டவளில்லை. ஆபீஸையும் வீட்டையும் தோளில் போட்டுக்கொண்டு ரயிலில் தொங்குகிறவள், அவளுக்கு எவ்வளவுதான் பொறுமை இருக்கும். “அங்கிள், தப்பா நெனச்சுக்காதேங்கோ. நீங்க வந்துட்டுப் போனாத்தான் மெஷின் நிக்கறது. நீங்க வராத நாள்ல, இருக்கற நிலைமையில அப்படியே கெடக்கு. நீங்க ரிப்பேர் பண்ணினா அன்னிக்கே ஏதோ ஆறது. உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா சொல்லிடுங்கோ, பரவாயில்லை, வேற யாரையாவது பாத்துக்கறோம்.”

நாளைக்கு ஒரே ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று காலித் கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் சஃப்ரீனுக்குப் போன் போட்டார். “நாளைக்கு ஒரு தடவ போயிப் பாக்கேன்ம்மா. அதுவும் நின்னுட்டுன்னா, என் கை போயிட்டுன்னு அர்த்தம். கடைய மூடிட்டு நெருளுக்கு வந்துருதேன். அடுத்தவங்க வீட்டுப் பொருள பாழாக்கிட்டு இருக்க எனக்கு மனசு ஒப்பல.” சஃப்ரீன் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனால் வாப்பாவின் குரலைக் கேட்டபின் அவளுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

படுத்தபடி சுஷ்மா சொன்னதையே புரட்டிக்கொண்டிருந்தார். கோபத்தில் சொன்னாலும் ஒரு மெக்கானிக்குக்கு அதில் விஷயம் இருந்தது. நான் போகாவிட்டால் புதிதாக எதுவும் ஆவதில்லை. நான் போனால் ஆகிறது. அப்படியானால் பழுது மெஷினுக்குள் இல்லை. நான் படியிறங்குவதற்கும் அது நிற்பதற்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. அது என்ன என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

மறுநாள் போர்டைக் காயவைத்து, ரப்பர் பட்டையை ஒன்றுக்கு இரண்டு தடவை தடவிப் பார்த்து மூடினார். மெஷினின் மேல் இரு கையையும் வைத்துக் கண்ணை மூடினார். துல்லியமாக ஓடியது. ஒரு குறையும் இல்லை. மாமி வழக்கம்போல டம்ளரில் காபி கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள்.

“நன்னா சாப்பிடறயோ? எளைச்சுட்டே நீ. அவள் போனதுக்கப்புறம் உன்னை யாரு கவனிக்கறா?”

“இருக்கேன் மாமி.”

“வேலையைப் பத்திக் கவலைப்படாதே. சுஷ்மா ஏதோ டென்ஷன்ல பேசியிருப்பள். உன் கை எனக்குத் தெரியாதா?”

காலித் காபியைக் குடித்து முடித்து டம்ளரை ஸ்டூலிலேயே வைத்தார். தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். கேட்டில் வாட்ச்மேனோடு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். பிறகு மெல்ல மறுபடி மாடியேறினார்.

பகலில் அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் மரக்கதவு திறந்துதான் இருக்கும், வெளியே கிரில் கதவு மட்டும் பூட்டியிருக்கும். கிரில் வழியாகப் பார்த்தால் கூடத்தைத் தாண்டிக் குளியலறைக்குப் போகிற நடை நேராகத் தெரியும். மெஷின் அங்கேதான்.

வாலாம்பாள் மாமி இந்தப் பக்கம் முதுகு காட்டி நின்றிருந்தாள். ஈரப்புடவை. காலடியில் பக்கெட், இடது கையில் ஒரு செம்புச் சொம்பு. முகர்ந்து மெஷினின் மூடி மேல் ஊற்றினாள். வழிந்த தண்ணீர் பின்பக்கத்துப் பேனலின் பட்டன் இடுக்குகளுக்குள் இறங்கியது. இன்னொரு சொம்பு எடுத்துப் பக்கவாட்டில் ஊற்றினாள். அவர் தடவிய இடமெல்லாம், தடவிய வரிசையிலேயே. கட்டுப் போட்டிருந்த கை வலித்திருக்க வேண்டும், நடுவில் சொம்பை வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் உட்கார்ந்திருந்த தரையில் ஊற்றினாள். கடைசியாக, ஸ்டூலில் இருந்த காபி டம்ளரின் மேல்.

ஊற்றும்போது அவள் எதையோ முணுமுணுப்பது கேட்டது. மந்திரமாக்கும் என்று நினைத்தார் காலித். காதைத் தீட்டிக்கொண்டதும் தமிழ் என்று தெரிந்தது.

“குருவாயூரப்பா, அந்தப் பிள்ளைக்குக் கை நன்னாகணும். பாவம், பொண்டாட்டியையும் பறிகொடுத்துட்டு நிக்கறான். அவன் பொழைப்பைக் கெடுத்துடாதே. இந்தச் சொம்பு ஜலத்தோட அவன் பீடையெல்லாம் போகட்டும்.”

காலித் கிரில்லைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார்.

மடி என்றால், அடுத்தவர் கை பட்டதைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தீட்டுப் போக்குகிற ஆசாரம் என்று அவருக்குத் தெரியாததில்லை. இத்தனை வருஷம் இந்த வீடுகளில் பழகியவர். அடுக்களை வாசலைத் தாண்டியதில்லை, பூஜை அலமாரிப் பக்கம் திரும்பியதில்லை. அதையெல்லாம் அவர் அவமானமாக நினைத்ததுமில்லை, அவரவர் வீடு, அவரவர் வழக்கம். தொழுகைக்கு அவரும் கை கால் கழுவுகிறவர்தான், சுத்தம் என்றால் அவருக்கும் தெரியும். முன்பெல்லாம் இந்த மெஷினில் சுஷ்மாவின் துணியும் மகனின் துணியும்தான் போயின, யார் தொட்டாலும் மாமிக்குக் கவலையில்லை. இப்போது கை ஒடிந்தபின் மடிப் புடவை அதற்குள் போகிறது. மெஷினும் மடியாக வேண்டியிருக்கிறது. நாளெல்லாம் தண்ணீரில் புரளுகிற பெட்டியை ஒரு சொம்புத் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று அவள் நினைத்திருப்பாள். எல்லாம் கணக்குக்கு வந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாக ஒரு பழுதை அவர் கண்டுபிடித்ததே இல்லை.

படியிறங்கும்போது வலித்தது. எங்கே என்று சொல்லத் தெரியாத வலி. உள்ளே போய் அந்தச் சொம்பைப் பிடுங்கி வீச வேண்டும் போல ஒரு ஆத்திரம் வந்தது. உடனே போனில் அழுத அதே மாமியின் குரல் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே மாமிதான். அதுதான் தாங்க முடியாமலிருந்தது. ஒரு பொய்யான மனுஷியாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு ஸ்கூட்டரை எடுத்திருக்கலாம். அவள் அழுததும் மெய், வேண்டிக்கொண்டதும் மெய், ஊற்றியதும் மெய்.

ஸ்கூட்டரில் உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசித்தார். பெல் அடித்துச் சொல்லிவிடலாம். சொன்னால் இவர் பேர் மிஞ்சும். ஆனால் அந்த முதியவள் அதற்கப்புறம் முகத்தை எங்கே கொண்டு வைத்துக்கொள்வாள்? சுஷ்மாவிடம் சொல்லலாம். ஆபீஸிலிருந்து அலுத்து வருகிற மருமகள் மாமியாரைக் கிழிகிழியென்று கிழிப்பாள். புருஷனை இழந்து, கையும் ஒடிந்து கிடப்பவளை அதற்கு ஆளாக்க அவருக்கு மனம் வரவில்லை. இன்னொரு வழியும் இருந்தது. பேனலைச் சுற்றிச் சிலிக்கான் பூசி அடைத்துவிட்டால் மாமி குடம் குடமாகக் கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. சின்ன வேலை, பையிலேயே டியூப் இருக்கிறது. தன் கை பட்டதைக் கழுவுவதற்குத் தானே வசதி பண்ணிக் கொடுக்கிற வேலை. அதை மட்டும் செய்ய அவரால் முடியவில்லை. திரும்புகிற வழியில், சயான் சிக்னலில் பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துத் தள்ளும் வரை பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றார்.

எதிர்பார்த்தபடியே காலையில் சுஷ்மாவின் போன் வந்தது. இந்தத் தடவை கோபம்கூட இல்லை. “அங்கிள், மறுபடியும் அதேதான்.”

“தெரியும்மா. நா இனி வரல. வெங்கடேஷ்னு ஒருத்தன் இருக்கான், கல்யாண்லேர்ந்து வருவான். நம்பர் அனுப்புதேன், அவனக் கூப்பிட்டுக்கிடுங்க.”

வெங்கடேஷைத் தொழில் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகுவது என்று யோசித்துத்தான் திருகுவான். குனிந்தால் சட்டைக் காலருக்கு மேலே பூணூல் எட்டிப் பார்க்கும்.

“அவர் உங்களைவிட நன்னா வேலை பண்ணுவாரா?” என்று சுஷ்மா கேட்டாள்.

“வேலையப் பத்தி நா ஒண்ணும் சொல்லலம்மா. அவன் தொட்டா மெஷின் நிக்காது. அத மட்டும் சொல்லுதேன்.”

வெங்கடேஷ் போனான். போர்டைக் காயவைத்து மூடினான். மறுநாள் மெஷின் ஓடியது. அதற்கு மறுநாளும் ஓடியது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் சுஷ்மா நல்ல எண்ணத்தோடுதான் எழுதினாள்: காலித் பாய் பாவம், மனைவி போனபிறகு கை சரியாக ஓடுவதில்லை, வெங்கடேஷ் ஒரே தடவையில் சரிசெய்துவிட்டார், வேண்டுமென்றால் நம்பர் தருகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். செம்பூரிலிருந்து காலித்துக்கு வருகிற போன்கள் குறைந்துபோயின. வாலாம்பாள் மாமி மட்டும் ஒருநாள் கூப்பிட்டு, “மெஷின் ஓடறது, ஆனா அந்தப் பையன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். நீ ஒரு நாள் வந்துட்டுப் போயேன்” என்றாள். வாரேன் மாமி என்று சொல்லிவிட்டு வைத்தார். போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சஃப்ரீன் நெருளிலிருந்து வந்தாள். கடையைக் காலி பண்ண ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ராஹிலையும் கூட்டி வந்திருந்தாள். காலித் உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய மெஷினின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்து நின்றுகொண்டிருந்தார். விரல்கள் அசையாமல் படிந்திருந்தன.

“வாப்பா, செம்பூர் மெஷின் நின்னுட்டுல்லா? கடைய மூடிருதேன்னு சொன்னிய.”

“மூடலம்மா. பேரிங் போயிருக்கு இதுல, கேக்குது பாரு.”

“கை நடுங்குதுன்னு சொன்னியளே?”

“கைக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு.”

சஃப்ரீன் பக்கத்தில் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “பொறவு ஏன் வாப்பா அழுவுதிய?”

காலித் மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை. “நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சும்மா. அதான்.”